கேமராவைத் திருப்பாதவர்

தம்பி, போன சனிக்கிழமை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாய். மண்டபத்தைப் பூட்டச் சாவியோடு ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்புகிற கேள்வி இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு.

நீ கேட்டது இதுதான்: “சார், த்ரூஃபோ செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல பத்திரிகையில எல்லாரையும் கிழிச்சாரு, அப்புறம் தானே படம் எடுத்தாரு. அவர விமர்சகரா நெனைக்கணுமா, டைரக்டரா நெனைக்கணுமா? சுங்கை சிப்புட்டுல கைப்பேசிய வச்சிக்கிட்டு குறும்படம் எடுக்கிற எங்களுக்கு அவருகிட்ட என்ன இருக்கு?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். அவரை இரண்டாகப் பிரிக்க முடியாது. பிரான்சுவா த்ரூஃபோ எழுதியதும் எடுத்ததும் ஒரே வேலை. ஒன்றை விடாமல் உற்றுப் பார்ப்பது, பார்த்ததற்குப் பொறுப்பேற்பது, அவ்வளவுதான் அந்த வேலை. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் தூரம் போய் வர வேண்டும்.

1932 பிப்ரவரி 6ஆம் தேதி பாரிஸில் பிறந்தவர். தாய்க்குத் திருமணம் ஆகும் முன்பே பிறந்த பிள்ளை. பிறகு தாயை மணந்தவர்தான் தன் பெயரைக் கொடுத்தார். பாட்டி இறக்கும்வரை பாட்டி வீட்டில் வளர்ந்தான் பையன். அதன் பிறகு தாயிடம் வந்தபோது, அந்தச் சின்ன வீட்டில் தனக்கு இடமில்லை என்பது அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கு மட்டம் போட்டான், தியேட்டரின் பின்வாசல் வழியாகப் புகுந்தான், பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். 14 வயதோடு படிப்பு முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று படம், ஒரு வாரத்துக்கு மூன்று புத்தகம் என்று தனக்குத் தானே பாடத்திட்டம் போட்டுக்கொண்டான்.

1948. அந்த ஆண்டு நம்ம ஊருக்கு மறக்காத ஆண்டு. ஜூன் 16ஆம் தேதி நம் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், வெளியே போகிறவர்களின் சோற்றுப் பொட்டலத்தைச் சோதித்ததையும் எங்கள் அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே ஆண்டின் கடைசியில் பாரிஸில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூட்டாளியோடு சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் படம் போடுவது திட்டம். அதே நேரத்தில் இன்னொருவர் நடத்தும் சங்கத்திலும் படம் ஓடியது. இங்கே கூட்டம் சேரவில்லை. நேராக அந்த மனிதரைத் தேடிப் போய், உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறான். அந்த மனிதர் ஆந்த்ரே பஸான்.

பஸானைப் பற்றிச் சொல்லாமல் த்ரூஃபோவைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வராது. பஸான் ஆசிரியராவதற்குப் படித்தவர். திக்குவாய் என்பதால் வாய்மொழித் தேர்வில் தேறாமல் அந்த வழி அடைபட்டுப்போனது. போர் முடிந்த காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் கூடங்களுக்கும் புரொஜெக்டரைக் கொண்டுபோய்ப் படம் போட்டு, முடிந்தபின் அதைப் பற்றித் தொழிலாளிகளோடு பேசியவர். நாம் அந்த மண்டபத்தில் செய்வதை அவர் அப்போதே செய்தார். வந்து நேரத்தை மாற்றச் சொன்ன பொடியனிடம் அவர் கோபப்படவில்லை. உட்கார வைத்துப் பேசினார்.

சங்கம் கடனில் விழுந்தது. வளர்ப்புத் தந்தையே பையனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். சிறுவர் கண்காணிப்பு இல்லத்தில் போட்டார்கள். அங்கிருந்து வெளியே கொண்டுவர அலைந்தவர் பஸான். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, அங்கிருந்தும் ஓடப் பார்த்து இராணுவச் சிறைக்குப் போனபோதும் மீட்டு வந்தவர் பஸான்தான். தன் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்தார். 1951இல் தானும் சேர்ந்து தொடங்கிய ‘கையே து சினிமா’ இதழில் எழுத இடமும் கொடுத்தார். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளை ஒன்றை ஒரு விமர்சகர் எடுத்து வளர்த்தார், தம்பி. ‘விமர்சகர்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இனி நீ சொன்ன ‘கிழித்த’ கதைக்கு வருகிறேன். 1954 ஜனவரி இதழில் த்ரூஃபோ எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 21. அன்றைய பிரெஞ்சு சினிமாவில் ‘தரமான படம்’ என்று கொண்டாடப்பட்டவற்றை அவர் எதிர்த்தார். வெறும் வாய்ச்சண்டை இல்லை அது. உள்ளே நுணுக்கமான ஒரு வாதம் இருந்தது. பெரிய நாவலைப் படமாக்கும்போது, சில காட்சிகளைப் படம்பிடிக்க முடியாது என்று முடிவுகட்டிவிட்டு, அதற்கு ஈடாக வேறொரு காட்சியை எழுதிச் சேர்ப்பது அன்றைய வழக்கம். ஒரான்ஷ், போஸ்ட் என்ற இரண்டு திரைக்கதை ஆசிரியர்கள் இதில் பேர்போனவர்கள். முடியாது என்று யார் சொன்னது என்று த்ரூஃபோ கேட்டார். பெர்னனோஸ் எழுதிய ‘ஒரு கிராமத்துப் பாதிரியாரின் நாட்குறிப்பு’ என்ற நாவலுக்கு ஒரான்ஷ் எழுதிய திரைக்கதையை, நாவலாசிரியரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு 1951இல் ராபர்ட் ப்ரெஸ்ஸோன் அதே நாவலைப் படமாக்கினார். மூலத்துக்கு உண்மையாக நின்றார், படமும் நின்றது. முடியாது என்றது சினிமாவின் குறை இல்லை, சினிமாவை மட்டமாக நினைத்தவர்களின் குறை என்று அந்த உதாரணத்தை வைத்து வாதாடினார் த்ரூஃபோ.

இதிலிருந்து வளர்ந்ததுதான், ஒரு படத்துக்கு ஆசிரியர் அதன் இயக்குநர் என்ற கருத்து. இன்றைக்கு ‘யார் டைரக்‌ஷன்?’ என்று கேட்டுவிட்டுத்தான் நாம் டிக்கெட் எடுக்கிறோம். தோட்டத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்படிக் கேட்ட ஆளே கிடையாது. யார் நடிக்கிறார், எத்தனை பாட்டு, எத்தனை சண்டை, அதோடு சரி. வெள்ளைத் துணியை இரண்டு கம்பத்தில் இழுத்துக் கட்டி, திடலில் படம் போடுவார்கள். முன்னால் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டால் எங்களுக்கு இடம் கிடைக்காது. துணிக்கு மறுபக்கம் போய் உட்காருவோம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். எழுத்தெல்லாம் திருப்பிப்போட்ட மாதிரி ஓடும், கதாநாயகன் இடது கையால் கத்தி வீசுவார். ஒரு படத்தை நான் இரண்டு ஆண்டுக்கு அப்புறம் முன்பக்கம் இருந்து பார்த்தபோதுதான் அவர் வலது கைக்காரர் என்று தெரிந்தது. ஒரே படத்தை எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை வேலையாட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால், முந்தின இரவு பார்த்த படத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். எங்கள் லயத்தில் ஒரு மாமா இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வருவார். ‘அந்த அம்மா கதவைச் சாத்துச்சே, அப்ப அவன் மூஞ்சியக் காட்டவே இல்ல பாத்தியா? காட்டியிருந்தா கெட்டுப்போயிருக்கும்’ என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. உளியும் வாளியும் கையில், தலையில் விளக்கு. அந்த மாமா எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவு படிப்புத்தான். ஆனால் எதைக் காட்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. த்ரூஃபோவை நான் முதன்முதலில் வாசித்தபோது இவர் நம்ம மாமா ஜாதி என்றுதான் தோன்றியது.

த்ரூஃபோவின் பேனா கொடுமையானது, அதை மறைக்கப் போவதில்லை. ‘ஆர்ட்ஸ்’ என்ற வார இதழில் நூற்றுக்கணக்கில் எழுதினார். பேர் சொல்லித் தாக்கினார். 1958இல் கான் திரைப்பட விழா அவருக்குப் பத்திரிகையாளர் அனுமதி கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு எரிச்சல். அந்த எழுத்துக்கு மற்றவர்களும் விலை கொடுத்தார்கள். ஒரான்ஷும் போஸ்டும் திறமையில்லாதவர்கள் அல்ல. த்ரூஃபோ போன்ற இளம் இயக்குநர்களின் ‘புதிய அலை’ வந்தபிறகு அவர்கள் பழைய காலத்து ஆட்கள் என்று ஓரங்கட்டப்பட்டார்கள். 1974இல் பெர்த்ரான் தவெர்னியே தன் முதல் முழுநீளப் படத்துக்கு அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு எழுதவைத்தார். தவெர்னியேயும் விமர்சகராக இருந்து இயக்குநரானவர்தான். த்ரூஃபோவின் தராசு பெரும்பாலும் சரி, ஆனால் அந்த இரண்டு மனிதர்கள் விஷயத்தில் அவர் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பது என் முடிவு.

நம்மவர்கள் விஷயத்திலும் அவர் தவறினார். 1956 கான் விழாவில் சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ திரையிடப்பட்டபோது த்ரூஃபோ பாதியில் எழுந்து போனார் என்பது சினிமா உலகில் பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்தப் படம் அதே விழாவில் சிறந்த மனித ஆவணம் என்று பரிசு வாங்கியது. ஏழைப் பையன் ஒருவனின் கண் வழியே உலகத்தைப் பார்த்த படம் அது. மூன்றே ஆண்டில் த்ரூஃபோவும் அப்படி ஒரு பையனின் கண் வழியேதான் உலகத்தைக் காட்டப் போகிறார். அந்தப் பெரிய கண்ணுக்கும் ஒரு மறைப்பு இருந்திருக்கிறது. இதைச் சொல்வதால் அவர் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. ஒருவரை நினைவுகூர்வது என்றால் முழுசாக நினைவுகூர வேண்டும்.

என் கதை ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதில் நான் ஒரு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளூர்ப் பையன்கள் சிலர் வீடியோவில் ஒரு தமிழ்ப் படம் எடுத்து வெளியிட்டார்கள். ஒளி சரியில்லை, ஒலி சரியில்லை, நடிப்பு வரவில்லை என்று வரிக்கு வரி எழுதினேன். எழுதிய எல்லாமே உண்மை. நான்கு ஆண்டு கழித்துப் பள்ளிக்காக ஒரு பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கப் போனேன். கடைசியாகப் பால் வெட்டிய ஒரு பாட்டியின் கையை மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். மூன்று நாள் போனோம். முதல் நாள் மழை. மழை பெய்தால் பால் வெட்ட மாட்டார்கள். இரண்டாம் நாள் பாட்டிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் எல்லாம் கூடிவந்தது. பட்டையில் கோடு இழுத்தார், வெள்ளையாகப் பால் இறங்கி, பால் பிடிக்கும் மங்கில் சொட்டியது. அப்போது பார்த்து வெயில் இலைகளுக்குள்ளிருந்து நேராக லென்ஸில் அடித்தது. வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் கை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொத்தல். அன்றிரவு அந்தப் பையன்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். ஒளி சரியில்லை என்று எழுதியதற்கு இல்லை. ஏன் சரியில்லாமல் போனது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் எழுதியதற்கு.

த்ரூஃபோ அந்த விசாரணையைச் செய்தவர். அதனால்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 1957இல் அவர் எழுதினார், நாளைய சினிமா நாவலைவிட அந்தரங்கமாக, ஒரு நாட்குறிப்பைப் போல இருக்கும் என்று. எழுதிய கையோடு அதைத் தானே செய்து காட்ட இறங்கினார். 1958 நவம்பர் 10ஆம் தேதி முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. மறுநாள், 11ஆம் தேதி, பஸான் இறந்துபோனார். அவருக்கு நாற்பது வயதுதான். முதல் நாள் வேலை முடிந்ததும் த்ரூஃபோ ஓடிப்போய் அவர் படுக்கைக்கு அருகில் இருந்தார். படம் பஸானின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. முந்தின ஆண்டு கதவைச் சாத்திய அதே கான் விழாவில், 1959இல், சிறந்த இயக்குநர் பரிசு வாங்கியது.

அந்தப் படம்தான் நாம் பார்த்தது. தமிழில் சிலர் அதன் பேரை ‘நானூறு அடிகள்’ என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் போட்டால் அப்படி வரும், ஆனால் பிரெஞ்சில் அது ஒரு மரபுத்தொடர். செய்யக் கூடாத சேட்டை அத்தனையும் செய்வது, ஆட்டம் போடுவது என்று பொருள். நான் உங்களுக்காகத் தமிழில் வசனவரி போட்டபோது ‘அடங்காத ஆட்டம்’ என்று வைத்தேன். இதைவிட நல்ல பேர் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

பையன் பேர் அந்த்வான். அவன் வீடு எவ்வளவு சின்னது என்று பார்த்தாய் அல்லவா? அவனுக்கு அறை கிடையாது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் நடைவழியில் படுக்கிறான். இரவு தாமதமாக வரும் தாய் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் காட்சியில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை ‘எங்க தாத்தா இருந்த லயத்து வீடு மாதிரியே இருக்கு’ என்றாள். சரியாகச் சொன்னாள். ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் அஞ்சடி வராந்தா. பெரியவர்கள் சண்டை போட்டால் பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லாத வீடுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்டதும், அம்மா செத்துப்போச்சு என்று சொல்கிறானே, அங்கே எல்லாரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவன். அப்படி ஒரு பொய்யைச் சொன்ன பையன் ஒருவனை நானே வகுப்பில் நிறுத்திவைத்திருக்கிறேன். அவன் ஏன் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். தட்டச்சு இயந்திரத்தைத் திருடி, விற்க முடியாமல் திரும்பக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் அவன் பிடிபடுகிறான். கண்காணிப்பு இல்லத்தில் ஒரு உளவியலாளர் அவனைக் கேள்வி கேட்கிறார். அந்த உளவியலாளரை நாம் பார்ப்பதே இல்லை, ஒரு பெண்ணின் குரல் மட்டும் வருகிறது. கேமரா பையன் மேலேயே இருக்கிறது. வழக்கமாக என்ன செய்வார்கள்? கேள்வி கேட்பவர் முகம் ஒரு தடவை, பதில் சொல்பவர் முகம் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். த்ரூஃபோ மாற்றவில்லை. நடித்த ஜான்-பியர் லியோவுக்கு அப்போது பதினான்கு வயது. அவன் சொல்கிற பதில்கள் எழுதிக் கொடுத்தவை இல்லை, தன் வார்த்தையில் அவனே சொன்னவை. மேசையில் கையை வைத்து எதையோ தடவுகிறான், தோளைக் குலுக்குகிறான், ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். அந்தப் படத்தில் அதுவரை அவனை அடித்தார்கள், திட்டினார்கள், துரத்தினார்கள். ஒருவரும் அவன் பேசி முடிக்கும்வரை கேட்கவில்லை. இங்கேதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். கேட்பது அந்த உளவியலாளர் இல்லை, கேமரா. கேமராவுக்குப் பின்னால் நிற்பது, பதினாறு வயதில் அதே மாதிரி இல்லத்தில் கிடந்த பையன்.

த்ரூஃபோ விமர்சகரா இயக்குநரா என்று இன்னொரு தடவை யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். எதைக் காட்டலாம், எதை வெட்டலாம் என்று ஆயிரம் படத்தில் கணக்குப் பார்த்த விமர்சகரின் முடிவு அது. பட்ட கடனைத் தீர்க்க நினைத்த பிள்ளையின் முடிவும் அதுவே. பஸான் அவனைப் பார்த்த விதத்தில் அவர் அந்த்வானைப் பார்த்தார்.

அந்தக் காட்சி முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “சார், அத திரும்பப் போடுறீங்களா?” என்று கேட்டானே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு, கார் கழுவும் கடையில் வேலை செய்கிற பிள்ளை அவன். ஒன்றுமே பேசாமல் வந்து, ஒன்றுமே பேசாமல் போகிறவன். நீங்கள் சிலர் முனகினீர்கள், நேரமாகிறது என்று. அப்படிப்பட்டவன் வாய் திறந்து கேட்டதால்தான் நான் திரும்பப் போட்டேன்.

ஹிட்ச்காக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைப்பேசியில் படம் எடுக்கிற உங்களுக்கு அதில் நேரடியான பாடம் இருக்கிறது. 1962 ஆகஸ்டில் த்ரூஃபோ அமெரிக்காவுக்குப் போய், ஹெலன் ஸ்காட் என்ற மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹிட்ச்காக்கிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் கேட்டார். அப்போது ஹிட்ச்காக் பெரிய வசூல்காரர், அறிவாளிகள் அவரைத் திகில் வியாபாரி என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். த்ரூஃபோ அதற்குள் தானே மூன்று நல்ல படம் எடுத்து உலகப் பேர் வாங்கியவர். இருந்தும் நோட்டுப் புத்தகத்தோடு போய் மாணவராக உட்கார்ந்தார். 1966இல் அது புத்தகமாக வந்தது. அதில் வரும் ஒரு விஷயம்: கணவன் மாடிப்படியில் ஒரு டம்ளர் பால் கொண்டுபோகிறான், அதில் விஷம் இருக்கிறதோ என்று நமக்குப் பயம். இருட்டில் அந்தப் பால் மட்டும் பளீரென்று தெரியும். எப்படி? டம்ளருக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கை வைத்துவிட்டேன் என்கிறார் ஹிட்ச்காக். எல்லாருடைய கண்ணும் அந்த டம்ளர் மேலேயே இருக்க வேண்டும், அதற்காக.

தோட்டத்து மாமா ‘மூஞ்சியக் காட்டல பாத்தியா’ என்று சொன்னதும் இதுவும் ஒரே வகைக் கவனிப்பு. ‘மசாலாப் படம்’ என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற தமிழ்ப் படங்களை எடுத்தவர்களிடம் இப்படி உட்கார்ந்து, இந்த இடத்தில் ஏன் விளக்கை அங்கே வைத்தீர்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நம் மலேசியத் தமிழ்ப் படங்களை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டு வருகிறது. உன்னிடம் கைப்பேசி இருக்கிறது. முதல் வேலையாக அதை வைத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்.

மற்ற படங்களைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. லியோவை வைத்தே அந்த்வானின் கதையை இருபது ஆண்டு தொடர்ந்தார். நடிகனும் பாத்திரமும் திரையிலேயே வளர்ந்தார்கள். 1973இல் வந்த, ஒரு படப்பிடிப்பைப் பற்றிய படம் ஆஸ்கார் வாங்கியது. அதில் இயக்குநராக அவரே நடித்தார். பால் குடிக்க மறுக்கிற ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு ஒரு படக்குழுவே படாதபாடு படும் காட்சி ஒன்று உண்டு. நாங்கள் மூன்று நாள் பால் வெட்டு எடுக்கப் போனதை நினைத்துச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். அந்தப் படத்தை முன்னிட்டுத்தான் பழைய கூட்டாளியான இயக்குநர் கோதார் கடுமையாகக் கடிதம் எழுதினார். அதோடு அவர்கள் நட்பு முறிந்தது. 1980இல் எடுத்த ஒரு படம் பிரான்சின் செஸார் விருதுகளில் பத்தை அள்ளியது. இளமையில் எதிர்த்த ‘தரமான’ சினிமாவையே கடைசியில் தானும் எடுத்தார் என்று அதைச் சிலர் குறை சொன்னார்கள். பாதி உண்மை. ஆனால் ஒளியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை அவர் கடைசிவரை அன்போடுதான் பார்த்தார்.

ஒரு படத்தை மட்டும் விட முடியாது. 1970இல் வந்த ‘காட்டுச் சிறுவன்’. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை ஒட்டி அவெய்ரோன் பகுதிக் காட்டில் பிடிபட்ட, பேச்சு வராத ஒரு பையனுக்கு இதார் என்ற இளம் மருத்துவர் பாடம் சொல்லிக்கொடுத்த உண்மைக் கதை. இதாராக த்ரூஃபோவே நடித்தார். ஏழாவது எட்டாவது தடவை பார்த்தபோதும் எனக்கு நெஞ்சை அடைத்த இடம் இது: பையனுக்கு நியாய உணர்வு இருக்கிறதா என்று அறிய, சரியாகச் செய்த பாடத்துக்கும் வேண்டுமென்றே தண்டனை கொடுக்கிறார் இதார். பையன் திமிறுகிறான், அவர் கையைக் கடித்துவிடுகிறான். கடிவாங்கியவர் பூரித்துப்போகிறார். அநியாயம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே! எதிர்த்துப் பேசிய பிள்ளையைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பிய வாத்தியார்கள் எல்லாரும் அந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தை அவர் லியோவுக்குக் காணிக்கையாக்கினார். முதல் படம் பஸானுக்கு. வளர்த்தவருக்கு ஒன்று, வளர்ந்த பிள்ளைக்கு ஒன்று.

1984 அக்டோபர் 21ஆம் தேதி மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு வயது 52. முப்பது படம் எடுத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தவர், இருபத்தொன்றோடு போய்விட்டார். மோன்மார்த்தர் இடுகாட்டில் கறுப்புக் கல்லின் கீழ் இருக்கிறார்.

உன் கேள்வியின் கடைசிப் பகுதி மிச்சம் இருக்கிறது. உங்களுக்கு அவரிடம் என்ன இருக்கிறது? நீ அனுப்பிய குறும்படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் செம்பனைக் காட்டை ட்ரோனில் மேலிருந்து நாலு தடவை காட்டியிருக்கிறாய். மேலிருந்து பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒன்றுதான். மூன்றாவது நிமிடத்தில் உன் பாட்டி, தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்த நாளைச் சொல்கிறார். பாதிப் பேச்சில் நீ வெட்டி, பழைய புகைப்படத்துக்குப் போய்விட்டாய். அங்கே வெட்டாதே. அவர் பேசி முடிக்கட்டும். பேசி முடித்து, வெற்றிலையை மடித்து வாயில் போடுகிறவரைக்கும் கேமராவை அவர் மேலேயே வை. பேச்சு நின்றபிறகு அந்த முகத்தில் ஓடுவதை எந்தப் புகைப்படமும் காட்டாது.

அப்புறம் எழுது. பார்க்கிற ஒவ்வொரு படத்தைப் பற்றியும் ஒரு பக்கமாவது எழுது. பிடித்தது, பிடிக்கவில்லை என்று நிறுத்தாமல், எந்த இடத்தில், எதனால் என்று எழுது. திட்டுவதாக இருந்தால் இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத் திட்டு.

வரும் சனிக்கிழமை ‘காட்டுச் சிறுவன்’ போடுகிறோம். மாலை ஏழரைக்கு. தமிழ் வசனவரி பாதிதான் முடிந்திருக்கிறது, வெள்ளிக்குள் முடித்துவிடுவேன். புரொஜெக்டரை இந்தத் தடவை அந்தப் பின்வரிசைப் பையன்தான் இயக்கப் போகிறான். நேற்று அவனே கடைக்கு வெளியே நின்று, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “சார், அந்த மெசின நான் பிடிச்சி விடட்டுமா?” என்று கேட்டான். நீ அரைமணி நேரம் முன்னதாக வந்து, ஃபோகஸ் எப்படிச் சரிபார்ப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொடு. அவன் மெதுவாகத்தான் பேசுவான், பொறுத்துக் கேள்.